சட்டியில் ஒட்டினதைக் கழுவிடாதீங்க

இந்தக் குழுவுல எல்லாரும் ஸ்டேக், அதாவது கனமா வெட்டிச் சட்டியில சுடுற மாட்டுக்கறித் துண்டு, எந்தப் பதத்துல வேகணும்னே எழுதியிருக்கீங்க. எனக்கு, கறி சுட்ட அதே சட்டியில செய்யற சாஸ் பத்திச் சொல்லணும். ஆனா கறி சரியா அமையலைன்னா சாஸும் கிடையாது.

நாங்க கம்பம். கறிக்கு மலையேறி, கேரள எல்லையில இருக்கற குமுளி போயிருவோம். போத்துக்கறியில (எருமைக்கறி) ‘அண்டர்கட்’ கேக்கணும். முதுகெலும்புக்கு உள்பக்கமா ஓடுற சதை, அதுக்கு வேலை கம்மி, அதான் அவ்வளவு மெது. “முழுசா வேணும் சேட்டா, நுறுக்கண்டா”ன்னு (நறுக்க வேணாம்னு) முதல்லயே சொல்லிருங்க, இல்லைன்னா குழம்புத் துண்டு போட்டுருவார். அன்னைக்கு அறுத்ததை அன்னைக்கே சமைக்காம ரெண்டு நாள் ஃபிரிட்ஜ்ல வச்சா இளகும். வெள்ளைச் சவ்வை உரிச்சு, ரெண்டு விரல் கனத்துக்கு வெட்டி, உப்பு தடவி முக்கால் மணி நேரம் வைங்க. அப்புறம் துணியால ஒத்தி எடுக்கணும். ஈரத்தோட போட்டா அவியுமே தவிர முறுகாது.

இரும்புச் சட்டி நல்லா காய்ஞ்சதும் எண்ணெய். வெண்ணெய் அந்தச் சூட்டுல கருகிரும். கறியைப் போட்டு ரெண்டு பக்கமும் முறுகவிட்டு, நடுவுல குத்தின தெர்மாமீட்டர் 63 டிகிரி செல்சியஸ் காட்டினா இறக்கி, தட்டுல அஞ்சு நிமிஷம் விட்டுருவேன். அத்தை உள்ள சிவப்பு தெரிஞ்சா தொடமாட்டாங்க, அவங்க துண்டு மட்டும் 70 வரைக்கும்.

போன தடவை கறி எடுத்த கையோட மதினி சட்டியைக் கழுவத் தூக்கிட்டாங்க. “மதினி, தண்ணி ஊத்திராதீங்க!”ன்னு ஓடிப்போய் வாங்கினேன். அடியில பழுப்பா ஒட்டியிருக்கே, ருசி பூரா அதுலதான். கொழுப்பை வடிச்சிட்டு, பொடியா நறுக்கின சின்ன வெங்காயத்தை வதக்கி, பன்னீர் திராட்சையைக் கையால பிசைஞ்சு வடிச்ச சாறு கால் டம்ளர் ஊத்தினேன். சொய்யுனு பொங்கும்போதே மரக்கரண்டியால சுரண்டணும், ஒட்டினதெல்லாம் கரைஞ்சு சாறு கருஞ்சிவப்பாகும். 2023-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம திராட்சைதான். வெளிநாட்டுல ஊத்துற ஒயினுக்குப் பதிலா இதுவே அருமையா நிக்குது. இனிப்பு தூக்கலா இருந்தா எலுமிச்சை நாலு சொட்டு.

அப்புறம் உப்புப் போடாத எலும்புச் சாறு அரை டம்ளர், தட்டின பச்சை மிளகு ஒரு ஸ்பூன். கரண்டி முதுகுல படியிற வரைக்கும் சுண்டவிட்டு, அடுப்பை அணைச்ச பிறகு குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாப் போட்டுக் கலக்குங்க. கொதியில போட்டா பிரிஞ்சு எண்ணெயா மிதக்கும். தட்டுல கறி விட்ட சாறையும் இதுலயே சேர்த்துருங்க. இரும்புச் சட்டியில புளிப்பு ரொம்ப நேரம் கொதிச்சா இரும்பு வாடை ஏறும், அதனால எலும்புச் சாறை முன்னாடியே தனியா நல்லா வத்த வச்சு எடுத்துக்கறது நல்லது. நான்ஸ்டிக்ல இது சரியா வராது, அடியில அவ்வளவாப் பிடிக்காதே.