பிராங்க்பர்ட் நாடாளுமன்றம், 1848: பேசியே கெட்டார்களா?

காரைக்குடி ஆச்சி:
மகள் எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். பல நாடுகளாகப் பிரிந்து கிடந்த ஜெர்மனியை ஒன்றாக்க 1848-ல் பிராங்க்பர்ட்டில் கூடிய ஜெர்மன் நாடாளுமன்றம் ஏன் தோற்றது என்று பார்த்தால், பேராசிரியர்கள் பேசியே பொழுதைக் கழித்தார்கள் என்கிறது கைடு. அவ்வளவுதானா?

தேவகோட்டை வாத்தியார்:
ஆச்சி, அந்தக் கைடு மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. பேசினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மே 18-ல் பவுல் தேவாலயத்தில் கூடியவர்கள் டிசம்பரிலேயே அடிப்படை உரிமைகளைச் சட்டமாக்கிவிட்டார்கள். அடுத்த மார்ச்சில் அரசியலமைப்பே தயார். நம் அரசியல் நிர்ணய சபைக்கு ஏறக்குறைய மூன்று வருடம் ஆனது. அதை யாராவது வெட்டிப் பேச்சு என்பார்களா?

கோளாறு வேறு இடத்தில். சொந்தப் படை இல்லை, வரி வாங்க ஆளில்லை. பங்காளிகள் வளவில் கூடி உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறார்கள், சாவிக்கொத்தோ கூட்டத்துக்கே வராத பெரிய வீட்டுக்காரர் இடுப்பில். அந்த நிலைமைதான்.

ஜெர்மானியரும் டேனியரும் தங்களுடையது என்று சண்டை போட்ட ஷ்லெஸ்விக் பகுதியின் விவகாரத்தைப் பாருங்கள். டென்மார்க்குடன், ஜெர்மன் நாடுகளில் பெரிய படை வைத்திருந்த பிரஷ்யா ஆகஸ்டில் தன் இஷ்டத்துக்குப் போர் நிறுத்தம் செய்துகொண்டது. சபை முதலில் முடியாது என்றது, பத்துப் பதினைந்து நாளில் வழியில்லாமல் தலையாட்டியது. அந்த ஆத்திரத்தில் பிராங்க்பர்ட்டில் கலவரம் வெடித்தது. சபையைக் காப்பாற்ற வந்தது யார்? அதே பிரஷ்ய, ஆஸ்திரியச் சிப்பாய்கள்! எனக்கு எல்லாமே அன்றைக்கே முடிந்ததாகத்தான் படுகிறது. 1849 ஏப்ரலில் ஜெர்மன் பேரரசர் மணிமுடியைக் கொண்டுபோய் நீட்டியபோது பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெடெரிக் வில்லியம் மறுத்தது, அப்புறம் நடந்த சடங்கு.

கானாடுகாத்தான்காரன்:
வாத்தியாரய்யா, ஆஸ்திரியாவைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற சண்டையை விட்டுவிட்டீர்களே?

தேவகோட்டை வாத்தியார்:
சரிதான் தம்பி. ஹங்கேரியரும் செக்கரும் வாழும் பேரரசைப் பிரித்துக்கொண்டு வர வியன்னாவிலிருந்த ஆஸ்திரிய அரசு ஒப்பவில்லை. அதனால்தான் பிரஷ்ய மன்னரைப் பேரரசராக்க முடிவானது. அதிலும் 290 பேர் ஆதரவு, 248 பேர் வாக்களிக்கவே இல்லை.

காரைக்குடி ஆச்சி:
அப்படியானால் பின்னால் பிரஷ்ய அமைச்சர் பிஸ்மார்க் போர் நடத்தி ஜெர்மனியை ஒன்றாக்கியதுதான் சரியா?

தேவகோட்டை வாத்தியார்:
1871-ல் ஒற்றுமை வந்தது, ஆண்களுக்கு வாக்குரிமையும் வந்தது. ஆனால் அரசை நடத்திய தலைமை அமைச்சரான சான்சலர் பதில் சொல்ல வேண்டியது பேரரசருக்கு, நாடாளுமன்றத்துக்கு இல்லை. அதை நான் பாதிக் கிணறு என்றுதான் சொல்வேன். பவுல் தேவாலயத்தில் எழுதிய உரிமைகள் பல 1919, 1949 ஜெர்மன் அரசியலமைப்புகளில் மறுபடி வந்தன. மகளிடம் ராபர்ட் புளூம் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். சபை உறுப்பினர், உறுப்பினர் பாதுகாப்பு இருந்தும் வியன்னாவில் 1848 நவம்பர் 9-ல் சுட்டுக் கொன்றார்கள். கைடில் அவர் பெயரே இருக்காது.