யார் வீட்டுப் பரணிலாவது பல்லாங்குழி இருக்கிறதா?

வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் பெண் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்துகிறோம். 28 பேர், தமிழும் மலையாளமும் கலந்து ஒரே அரட்டை. காலையில் கும்மி, சாயங்காலம் கோ கோ என்று பொழுது ஓடிவிடுகிறது. சிக்கல் மத்தியானம்தான். பாலக்காட்டு மே மாத வெயில் தெரியுமே, 12 மணியிலிருந்து 4 வரை யாரையும் வெளியே விட முடியாது.

நேற்று ஒரு பல்லாங்குழி கொண்டுபோனேன். 14 குழி, ஒரு டப்பா புளியங்கொட்டை. இரண்டு பேர் ஆட, மற்ற 26 பேரும் தோள்மேல் சாய்ந்து தீர்ப்பு சொன்னார்கள்!

இன்னும் ஐந்தாறு பலகை இருந்தால் ஒரு வாரத்துக்குக் கடன் தாருங்கள். சோழி இல்லாவிட்டாலும் சரி. சித்தூர், வேலந்தாவளம் பக்கம் என்றால் நானே வண்டியில் வந்து வாங்கிக்கொள்கிறேன். அப்புறம், தட்டாங்கல் பாட்டு தெரிந்த பாட்டி யாராவது ஒரு மத்தியானம் வர முடியுமா? எனக்கு மூன்றாம் கல்லோடு பாட்டு மறந்துவிடுகிறது.