ஒரு நிமிட சுய அறிமுகம்: ஆள் எடுக்கும் அனுபவம் உள்ளவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. டிப்ளமோ மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவர்களுக்கு நேர்காணல் பயிற்சி கொடுக்கிறோம். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்ற முதல் கேள்வியிலேயே பலர் தடுமாறுகிறார்கள்.

நாங்கள் சொல்லித்தருவது மொத்தம் 60 நொடி. பெயர், படிப்புக்கு 10 நொடி போதும். அடுத்த 35 நொடி, தன் கையால் செய்த ஒரே ஒரு வேலைக்கு. "லேத் தெரியும் சார்" என்றால் மனதில் நிற்காது. "25 மி.மீ. ஷாஃப்டைக் கடைந்து, மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் அளந்து, அளவு வித்தியாசத்தை 0.05 மி.மீ.க்குள் கொண்டுவந்தேன்" என்றால் அடுத்த கேள்வி பெரும்பாலும் அங்கிருந்தே வரும், பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்து. மீதி 15 நொடி, இந்த வேலை ஏன் வேண்டும் என்பதற்கு.

அப்பா தொழில், பொழுதுபோக்கு என்று ஆரம்பித்தால் நேரம் அதிலேயே போய்விடும். "மைசெல்ஃப்" என்று தொடங்குவதும் தவறான ஆங்கிலம். பெரிய சிக்கல் மனப்பாடம்தான்: ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். அதனால் முழு வாக்கியமாக எழுத விடுவதில்லை. நான்கு குறிப்புச் சொற்கள் மட்டும் எழுதி, அதை வைத்துப் பேசுவதை ஃபோனில் பதிவு செய்து ஐந்து முறை கேட்கச் சொல்கிறோம்.

இரண்டு விஷயத்தில் உங்கள் கருத்து தேவை. அரியர் வைத்து முடித்ததை அறிமுகத்திலேயே சொல்லிவிடலாமா, கேட்கும்வரை காத்திருக்கலாமா? ஆங்கிலம் திக்கும்போது "தமிழில் சொல்லட்டுமா சார்?" என்று கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வீர்களா?

சூப்பர்வைசர், எச்ஆர் வேலையில் இருப்பவர்கள் ஞாயிறு மாலை 10 நிமிடம் மாதிரி நேர்காணல் எடுக்க முடிந்தால், கமென்டில் சொல்லுங்கள்.