'சோனிங்' என்பதற்கு 'வரைப்பு': ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

ஊரைப் பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியில் எதை, எந்த அளவில் கட்டலாம் என்று உள்ளாட்சி விதிப்பதை ஆங்கிலத்தில் 'சோனிங்' (zoning) என்கிறார்கள். சிறுநகரங்களின் வீட்டுவசதித் திட்டங்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது இதை 'மண்டலமாக்கம்' எனலாம் என்று நம் குழுமத்தில் ஒருவர் எழுதியிருந்தார். சொல் எளிதாகப் புரிகிறது. ஆனால் மாநகராட்சிகளில் 'மண்டலம்' என்பது ஏற்கெனவே பல வார்டுகள் சேர்ந்த நிர்வாகப் பிரிவு; ஆகவே 'என் வீடு எந்த மண்டலம்?' என்று கேட்பவர் வரி கட்டும் அலுவலகத்தைக் கேட்கிறாரா, மாடி எழுப்பலாமா என்று கேட்கிறாரா என்பது விளங்காது. 'புலம்' என்றால் நில அளவையின் புல எண்ணோடு மோதும். 'நில வகைப்பாடு' என்றால் நஞ்சை, புஞ்சை, நத்தம் ஆகியவையே நினைவுக்கு வரும்.

'திணை' ஆகாதா என்றும் ஒரு நண்பர் கேட்டிருந்தார். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆயினும் திணை நிலத்தின் இயல்பைச் சொல்வது. சோனிங் அந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று உள்ளாட்சி விதிப்பது. எந்த மன்றமும் தீர்மானம் போட்டுக் குறிஞ்சியை நெய்தலாக்கிவிட முடியாது.

'நிலப்பயன் ஒழுங்கு' என்ற பரிந்துரை இவற்றைவிடச் சரியானது. எனினும் அதுவும் பாதிப் பொருளையே தருகிறது. அமெரிக்காவின் ஓகியோ மாநிலத்தில் யூக்ளிட் என்னும் சிற்றூர் 1922இல் இயற்றிய விதியை எடுத்துக்கொள்வோம். அது நிலத்தைப் பயனால் 6 வகையாகவும், கட்டட உயரத்தால் 3 வகையாகவும், மனைப்பரப்பால் 4 வகையாகவும் பிரித்தது. 1926இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்விதி செல்லும் என்று தீர்ப்பளித்த பிறகு இம்முறை அங்கே உறுதியாக வேரூன்றியது. எனவே பயனை மட்டும் சுட்டும் சொல், உயரத்தையும் பரப்பையும் கைவிட்டுவிடும்.

இக்காரணங்களால் 'வரைப்பு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். பழந்தமிழில் அது எல்லையையும் எல்லைக்குட்பட்ட இடத்தையும் ஒருங்கே குறிக்கும். 'சோன்' என்பதன் மூலமான கிரேக்கச் சொல்லும் இடைக்கச்சையைக் குறித்ததே. இரண்டிலும் சூழ்ந்து வளைக்கும் பொருள் இருப்பது தற்செயலான பொருத்தம், அவ்வளவே. என்னைக் கவர்ந்தது, கிளைச்சொற்கள் தடையின்றிப் பிறப்பதுதான்: குடியிருப்பு வரைப்பு, தொழில் வரைப்பு, கலப்பு வரைப்பு, உயர வரைப்பு, வரைப்பு மாற்றம். வினையாக 'வரைப்பிடுதல்' என்று சொல்லலாம். 'வரைப்பு வரைபடம்' என்பது நாக்கில் இடறும். 'வரைப்புப் படம்' போதும்.

ஒரு வீட்டுக்கு மட்டும் இடமிருந்த மனையில் மூன்று நான்கு வீடுகளுக்கு அனுமதி தருவதை ஆங்கிலத்தில் 'அப்சோனிங்' என்கிறார்கள். இதை 'மேல்வரைப்பு' என்று பெயர்த்தால் மாடிக்கான விதி என்றே எண்ணுவார்கள். நடப்பது கட்டுப்பாட்டைத் தளர்த்துவது ஆதலால் 'வரைப்புத் தளர்வு' என்பேன். எதிர்நிலைக்கு 'வரைப்பு இறுக்கம்'.

ஒன்றுக்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் பிடிபடவில்லை. விதி வருமுன்பே குடியிருப்புத் தெருவில் இயங்கிவந்த பட்டறை, விதிக்கு ஒவ்வாததாயினும் தொடர அனுமதி பெறும். 'முறைகேடான பயன்' என்றால் குற்றம் சாட்டியதாகிவிடும். 'முன்னிருந்த பயன்' என்று இப்போதைக்கு எழுதிவருகிறேன். அதில் ஒவ்வாமை என்ற பொருள் விடுபடுகிறது. இரண்டையும் தாங்கும் சொல் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.