மெட்லாப் ட்ரையல் முடிந்துவிட்டது, இலவசமாக வேறென்ன இருக்கு? (அவசரம்)

வெள்ளவத்தை தனு:
கணக்குப் போடும் மென்பொருளான மெட்லாப்பின் 30 நாள் ட்ரையல் நேற்றோடு சரி. லைசன்ஸ் விலை கட்டுப்படியாகாது. வெள்ளிக்கிழமை அசைன்மென்ட் கொடுக்க வேணும். அதைப் போன்ற இலவச ஒக்டேவ் போட்டேன், மெட்லாப் பைல் அதில் ஓடவில்லை. உதவுங்களேன்.

கவின்:
ஓடவில்லை என்றால் என்ன எரர்? விண்டோஸா லினக்ஸா? வெறும் நிரல் வரிகள் உள்ள சாதாரண எம் பைலா, நிரலும் விடையும் ஒன்றாய் வரும் லைவ் ஸ்கிரிப்டா? லைவ் ஸ்கிரிப்ட் ஒக்டேவில் ஓடாது.

மாறன்:
பைதன் மொழிக்கு மாறுங்கள். கணக்குக்கு நம்பை, சைப்பை; வரைபுக்கு மெட்பிளொட்லிப். வேறென்ன வேணும்?

பழைய கணக்கு:
மாதம் தவறாமல் இதே கேள்வி. தேடிப் பார்க்கிற பழக்கமே கிடையாது. என்ன பாடம்? கண்ட்ரோலா, சிக்னலா? எங்கே நோகிறது என்று சொல்லாமல் மருந்து கேட்டால் எப்படி?

பர்வின்:
அவர் அப்படித்தான், தம்பி. மெட்லாப்பில் கட்டங்களாக வரையும் சிமுலிங்க் மொடல் என்றால் ஒக்டேவ் சரிவராது. சைலாப் என்ற இன்னொரு இலவச மென்பொருளோடு வரும் எக்ஸ்கொஸில் கட்டங்களைப் புதிதாக வரைய வேண்டியிருக்கும்.

வெள்ளவத்தை தனு:
சொறி, பஸ்ஸில் நிற்கிறேன். விண்டோஸ், எம் பைல். குறியீடுகளை அறிவிக்கும் சிம்ஸ் என்ற வரியிலேயே நின்றுவிடுகிறது. லாப்ளாஸ் உருமாற்றக் கேள்வி.

கவின்:
இதை முதலே சொல்லியிருக்கலாம். எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்துப் போடும் குறியீட்டுக் கணக்கு மெட்லாப்பிலும் தனி டூல்பொக்ஸ்தான், அதாவது மேலதிகத் தொகுதி. ஒக்டேவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ‘பிகேஜி லோட் சிம்பொலிக்’ அடிக்க வேண்டும். அந்தப் பேக்கேஜ் உள்ளுக்குள் சிம்பை என்ற பைதன் நூலகத்தைக் கூப்பிட்டுத்தான் கணக்குப் போடுகிறது. ஆகவே பைதனும் சிம்பையும் லப்டொப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாறன்:
பார்த்தீர்களா, கடைசியில் பைதன்தான்! நேரே சிம்பையில் எழுதினால் என்ன?

பழைய கணக்கு:
குறியீட்டுக் கணக்குக்கு மெக்சிமா என்ற இலவச மென்பொருள். 1960களில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மக்சைமாவின் வழி வந்தது. லாப்ளாஸ் ஒரு வரி, திருப்பி எடுக்க ‘ஐஎல்டி’ இன்னொரு வரி. நீங்கள் பிறக்க முதலே இதைச் செய்தார்கள்.

மாறன்:
வயதை வைத்தா மென்பொருள் தெரிவு செய்கிறது? மெக்சிமாவில் ஒதுக்கீட்டுக்கு, அதாவது மாறிக்குப் பெறுமதி கொடுக்க, முக்காற்புள்ளி, பைதனில் சமன் குறி. பிள்ளைகளுக்கு எது சுலபம்?

பழைய கணக்கு:
கணிதத்தில் சமன் என்றால் சமன். ஒதுக்கீட்டுக்கு அதைப் போட்டுக் குழப்பியது உங்கள் ஆட்கள்தான்.

பர்வின்:
ரெண்டு பேரும் வேறு இழை திறந்து சண்டை பிடியுங்கள். விரிவுரையாளர் எம் பைல்தான் கேட்டாரா, தனு? அப்படியென்றால் மெட்லாப் ஒன்லைனில் மாதம் 20 மணித்தியாலம் இலவசம். கணக்கு ஒன்று திறந்தால் போதும். கடைசியில் அதிலும் ஒருக்கா ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

வெள்ளவத்தை தனு:
லோட் வரி போடாததுதான் பிரச்சினை. ஓடுது. நன்றி.

கவின்:
சிம்பையைத் தனியாகப் போட்டீர்களா, ஒக்டேவோடு வந்ததா? எந்தப் பதிப்பு? அடுத்து வருகிறவருக்கு உதவும்.

பழைய கணக்கு:
இனி எங்கே வரப் போகிறார். மாறன், ஒதுக்கீட்டுக் கதைக்கு இன்னும் பதில் வரவில்லை.