இயல்பாகத் தெரிய 250 சிசியா, 300 சிசியா?

தோழிகளே, மார்பகத்தில் சிலிகான் இம்பிளாண்ட் வைத்துக்கொண்டவர்கள் இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள். எனக்கு வயது 36, ஒல்லியான உடம்பு, இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுத்து முடித்த பிறகு மேல்பக்கம் சுத்தமாக வற்றிவிட்டது. பெரிதாக வேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை, சுடிதார் போட்டால் வைத்தது தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

டாக்டர் மார்பின் அகலத்தை அளந்து 11.5 செ.மீ. என்றார், இம்பிளாண்டின் அகலம் அதைத் தாண்டினால் அக்குள் பக்கம் விளிம்பு பிதுங்கித் தெரியுமாம். 250, 300 இரண்டுமே அதற்குள் அடங்கும், ஆனால் 300 என்றால் முன்பக்கம் தூக்கலாக இருக்கும் வகையைத்தான் எடுக்க வேண்டும், எனக்கு அதுதான் பயம். சிசியும் மில்லியும் ஒன்றுதானே என்று, வீட்டில் பச்சரிசியை மில்லி கப்பில் அளந்து, பழைய சாக்ஸில் கட்டி, பிராவுக்குள் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். 250 போதும் என்றுதான் பட்டது.

அப்புறம், தசைக்கு அடியில் வைத்தால் வெளியே கொஞ்சம் சின்னதாகத் தெரியும் என்கிறார்களே, அதற்காக அளவைக் கூட்டி எடுத்தீர்களா? என்னைப் போல ஒல்லியாக இருப்பவர்களுக்கு, வீக்கம் வடிந்த பிறகு எப்படி இருந்தது, குனியும்போது கைக்கு விளிம்பு தட்டுப்படுகிறதா?