கடலூர், 84 வீட்டுத் தெரு: உரத்தொட்டி எத்தனை, என்ன அளவு, மழைக்கு என்ன செய்வது?

செம்மண்டலம்_தெரு (கேள்வி)

வணக்கம். எங்கள் நகர் நலச்சங்கத்தில் 84 வீடுகள். காலையில் மாநகராட்சியின் பேட்டரி வண்டி வருகிறது, பெரும்பாலான வீடுகளில் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிக் கொடுக்கிறார்கள். ஆனி மாதத்திலிருந்து மக்கும் குப்பையைத் தெருவிலேயே உரமாக்கிவிட்டு, வண்டிக்கு மற்றதை மட்டும் கொடுப்பதாகத் திட்டம். பூங்கா ஓரம் 20க்கு 15 அடி இடத்துக்கு வார்டில் அனுமதி கிடைத்திருக்கிறது. தொட்டி கட்ட ஒருவரிடம் கேட்டதில், பத்து அடி நீளத்தில் பெரிய தொட்டி இரண்டு போதும் என்கிறார். அது சரியா? ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரம் விடாமல் பெய்தால் என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமை மீன், கோழிக் கழிவைச் சேர்க்கலாமா? பழைய பேப்பர்காரர் எடுக்காத பிளாஸ்டிக்கை எங்கே தள்ளுவது? தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் கூட்டத்தில் வைக்க உதவியாக இருக்கும்.

சவுக்குச்சருகு

பெரிய தொட்டி இரண்டு வேண்டவே வேண்டாம். முதல் தொட்டியில் மேலே இன்று போட்ட வெங்காயத்தோலும் அடியில் ஒரு மாதத்து உரமும் கிடக்கும், எதையும் தனியாக எடுக்க முடியாது. நடுவில் காற்று போகாது. சிறிய தொட்டிகள் பல கட்டுங்கள், ஒன்று நிரம்பியதும் மூடிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

கணக்கு இப்படி. நாலு பேர் வீட்டில் தினம் முக்கால் கிலோவுக்கு முன்பின் மக்கும் குப்பை வரும். 84 வீட்டுக்கு 65 கிலோ என்று வையுங்கள். நறுக்கிப் போட்டால் சுமார் 130 லிட்டர் இடம் பிடிக்கும். அதே அளவு காய்ந்த சருகு சேர்க்க வேண்டும். ஈரம் சருகின் இடுக்கில் இறங்குவதாலும், நாலைந்து நாளில் குவியல் உட்காருவதாலும் ஒரு நாளுக்கு 160 லிட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். 4 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி உயரத் தொட்டியின் கொள்ளளவு 1,360 லிட்டர். எட்டு நாளில் நிரம்பும். உரமாக 45 நாள். ஆக மக்கிக்கொண்டிருப்பவை ஆறு, நிரப்பிக்கொண்டிருப்பது ஒன்று, கிளறி மாற்ற எப்போதும் காலியாக ஒன்று. மொத்தம் எட்டு. அந்தக் காலித் தொட்டியைச் சிக்கனம் என்று விட்டுவிடாதீர்கள், கிளற இடமில்லாத கூடம் மூன்றாவது மாதமே நாறும்.

இந்த 65 கிலோவை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு தொங்கு தராசு வைத்து ஏழு நாள் எடை போடுங்கள். அதில் ஒரு ஞாயிறும், முடிந்தால் ஓர் அமாவாசையும் வரட்டும். அமாவாசைக்கு வாழையிலை மட்டுமே குப்பையின் பருமனைக் கூட்டிவிடும்.

கட்டுமானம்: 6 அங்குல ஹாலோ பிளாக், இரண்டு வரிசைக்கு ஓர் இடத்தில் கல்லுக்குக் கல் 2 அங்குல இடைவெளி. உள்பக்கம் அரை அங்குலக் கம்பிவலை, இல்லாவிட்டால் எலி வரும். முன்பக்கச் சுவர் வேண்டாம், இருபுறமும் காடி விட்டுப் பலகை சொருகுங்கள். அப்போதுதான் மண்வெட்டி உள்ளே போகும். நாலு தொட்டி ஒரு வரிசைக்குச் சுவரோடு பதினெட்டரை அடி ஆகும். எதிரெதிராக இரண்டு வரிசை, நடுவில் 4 அடி நடைபாதை. 20க்கு 15 சரியாக இருக்கும், சருகு வைக்க மட்டும் இடம் மிஞ்சாது. அதற்கு வேறு இடம் பாருங்கள்.

இனி மழை. கடலூரில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. சித்திரை வெயிலைப் பார்த்துப் போட்ட திட்டம் இந்த மூன்று மாதத்தில்தான் அழுகும்.

தரைமட்டத்தை 2015 நவம்பர் வெள்ளத்தில் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டு, அதற்கு மேல் அரை அடி தூக்கிக் கட்டுங்கள். தொட்டியின் தரை நடைபாதை பக்கமாகச் சரிய வேண்டும், 4 அடிக்கு ஓர் அங்குலம் போதும். அங்கே ஒரு வாய்க்கால், கோடியில் 50 லிட்டர் டிரம். கூரை 20க்கு 15 முழுவதும். நம் ஊரில் மழை வாடைக் காற்றோடு வடகிழக்கிலிருந்து சாய்த்து அடிக்கும். ஆகவே வடக்கிலும் கிழக்கிலும் இடுப்பு உயரத்துக்கு மேல் சுருட்டி இறக்கும்படி தார்ப்பாய் வேண்டும். கூரைத் தகட்டை ஒவ்வொரு மேட்டிலும் திருகாணி போட்டுப் பிடித்துக் கம்பங்களைக் கான்கிரீட்டில் நிறுத்துங்கள். தானே போன்ற புயல் அடித்த ஊர், வெறும் கட்டுக்கம்பி நிற்காது.

சருகு கைவசம் இருக்கிறதா என்பதுதான் மழைக்காலத்தின் உண்மையான கேள்வி. ஒரு நாளைக்கு 130 லிட்டர் என்றால் 90 நாளுக்கு 11,700 லிட்டர். அவ்வளவையும் மூட்டை கட்டி வைக்க எந்தத் தெருவிலும் இடம் கிடையாது. மழைக்கு மட்டும் தென்னை நார்க்கழிவுக்கு மாறுங்கள். அது தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சும். மூன்று பங்கு குப்பைக்கு ஒரு பங்கு போதும். நாளுக்கு 43 லிட்டர், பருவத்துக்கு 50 லிட்டர் மூட்டையில் 80. நீரில் அலசிய நார்க்கழிவாகக் கேட்டு வாங்குங்கள், உப்பங்கழியில் ஊறிய மட்டையிலிருந்து வந்தது உப்பாக இருக்கும். ஆனால் அதை மட்டும் போட்டால் குவியல் களிபோல இறுகும். சவுக்குச் சருகோ மல்லாட்டைத் (வேர்க்கடலை) தோலோ கால் பங்கு கலந்தால் காற்று போகும்.

இப்போது மாசி. வேம்பும் பூவரசும் கொட்டுகிற நேரம். தெருவில் பெருக்கிக் கொளுத்துவதை இன்றே நிறுத்தி மூட்டை கட்டச் சொல்லுங்கள். தொட்டி கட்டுவதற்கு முன் இதைத்தான் தொடங்க வேண்டும்.

பழைய_பேப்பர்_வழி

மேலே சொன்னதில் தொட்டிக் கணக்கு சரி. உலர் குப்பைப் பக்கம் நான் சொல்கிறேன்.

2016 திடக்கழிவு விதிகளில் மக்கும், மக்காத, வீட்டு அபாயக் கழிவு என மூன்று பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் நாலு: ஈரம், உலர், டயப்பரும் நாப்கினுமான சுகாதாரக் கழிவு, பெயின்ட் டப்பா, பல்ப், காலாவதி மாத்திரை போன்ற தனிக்கவனக் கழிவு. ஆனாலும் வீட்டுக்கு நாலு தொட்டி வாங்கித் தரத் தேவையில்லை. ஈரத்துக்கு ஒரு 10 லிட்டர் மூடி வாளி, உலர் குப்பைக்கு ஆணியில் மாட்டிய ஒரு சாக்குப்பை. டயப்பர், நாப்கினை அன்றன்றே செய்தித்தாளில் சுற்றிச் சிவப்புப் பேனாவில் ஒரு குறி போட்டுத் தனியாக வண்டியில் கொடுக்க வேண்டும். கடைசிப் பிரிவு ஒரு செருப்புப் பெட்டி அளவுதான் சேரும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை சங்கத்தில் வாங்கி மொத்தமாகக் கொடுக்கலாம். டியூப்லைட்டை மட்டும் அட்டை உறையோடு நிறுத்தி வையுங்கள், உடைந்தால் உள்ளேயிருக்கும் பாதரசம் காற்றில் கலக்கும்.

உலர் குப்பையைத் தினமும் எடுக்காதீர்கள். வாரம் ஒரு நாள், எல்லோருக்கும் ஒரே நாள். தினமும் வாங்கினால் ஈரத்தோடு சேர்த்து அவசரத்தில் கொட்டுவார்கள். வாரம் ஒரு முறை என்றால் நாற்றம் வரக்கூடாதே என்று வீட்டிலேயே கழுவிப் போடும் பழக்கம் தானாக வரும்.

பழைய பொருள் கடையில் போவது: செய்தித்தாள், அட்டைப்பெட்டி, தண்ணீர் பாட்டில், ஷாம்பு பாட்டில், பால் கவர், இரும்பு, அலுமினியம், முழுக் கண்ணாடி பாட்டில். அட்டை நனைந்தால் எடையில் கழிப்பார்கள் அல்லது எடுக்கவே மாட்டார்கள். மழைக்காலத்தில் அட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 20 கிராம் சுற்றித்தான் இருக்கும், ஒரு கிலோவுக்கு 50 பாட்டில் வேண்டும். மூடியைக் கழற்றிவிட்டு மிதித்துத் தட்டையாக்காமல் சேர்த்தால் சாக்கு முழுவதும் காற்றுதான். மூடி வேறு வகை பிளாஸ்டிக், தனி டப்பாவில் போடுங்கள்.

பால் கவரைப் பற்றி ஒன்று. முனையைத் துண்டாக வெட்டி எறிகிறோமே, அந்தச் சின்ன முக்கோணத்தை யாராலும் பொறுக்க முடியாது. சாக்கடையில் போய், மழைநீர் வடிகாலின் கம்பிவலையில் அடைத்துக்கொள்கிறது. முனை ஒட்டியபடியே இருக்கும் அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். காலியானதும் நீளவாட்டில் திறந்து, அரிசி கழுவிய தண்ணீரில் அலசி, ஜன்னல் கம்பியில் காயவிட்டால் போதும்.

கடையில் எடுக்காதது: சிப்ஸ், பிஸ்கட் உறை, பற்பசைக் குழாய், தெர்மாகோல், பேப்பர் கப், பழச்சாறு அட்டை டப்பா. உறைகளில் பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பிரித்து உருக்க வழியில்லை. இவை மாநகராட்சி வழியாகத்தான் போக வேண்டும். தமிழகத்தில் இப்படிப்பட்ட பிளாஸ்டிக்கைச் சிமென்ட் ஆலைச் சூளைகளில் நிலக்கரியோடு எரிபொருளாகப் பயன்படுத்துகிறார்கள். அதற்கும் காய்ந்திருக்க வேண்டும். சாம்பார் ஒட்டிய கவர் எரிவதைவிட ஈரத்தை ஆவியாக்கவே சூடு செலவாகும். ஆகவே இந்தப் பையும் கூரைக்கு அடியில்தான்.

செம்மண்டலம்_தெரு

மிக்க நன்றி. மீன் கழிவு பற்றியும், நாற்றம் வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள். கூட்டத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். உமி இலவசமாகக் கிடைக்கிறது, சருகுக்குப் பதில் போடலாமா?

சவுக்குச்சருகு

உமி வேண்டாம். மணல்சத்து அதிகம், 45 நாளில் மக்கவே மக்காது, உரத்தில் அப்படியே கிடக்கும். தண்ணீரையும் சரியாக உறிஞ்சாது.

மீன், கோழி சேர்க்கலாம், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை அதற்கு மேல் வந்தால் மிச்சத்தை அன்று வண்டியில் கொடுத்துவிடுங்கள். போடும் முறை முக்கியம்: நாலைந்து நாளான தொட்டியின் நடுவில் ஓரடிக் குழி, கழிவு, அதைவிட இரண்டு பங்கு சருகு, பழைய குப்பையால் மூடல். ஓரத்தில் போட்டால் பூனையும் நாயும் பலகையைப் பிறாண்டும். நண்டு ஓடு, இறால் ஓடு பரவாயில்லை, மெதுவாக மக்கும். கருவாடு, ஊறுகாய் வேண்டாம், உப்பு உரத்தில் நிற்கும்.

தினசரி வேலை: புதுத் தொட்டியின் அடியில் அரை அடிக்குத் தென்னை மட்டை, சுள்ளி. மேலே கையளவு சருகு. பிறகு நாலு அங்குலம் குப்பை, சருகு, அதன் மேல் சாணக் கரைசல் தெளிப்பு, பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ சாணம். கடைசிப் படலம் எப்போதும் இரண்டு அங்குலச் சருகாகவே இருக்கட்டும், ஈ முட்டையிடுவது திறந்து கிடக்கும் குப்பையில்தான். மழைக்காலத்தில் சாணத்தைக் கரைக்காமல் காய்ந்த தூளாகத் தூவுங்கள், இருக்கிற ஈரமே போதும். முதிர்ந்த உரம் இரண்டு கூடை போட்டாலும் அதே வேலை செய்யும். கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பாக்கெட்டுக்குச் செலவு செய்ய வேண்டாம்.

மூன்றாம் நாள் இரும்புக் கம்பியை நடுவில் செருகி ஐந்து நிமிடம் கழித்து இழுங்கள். பிடிக்க முடியாத சூடு என்றால் நன்றாக நடக்கிறது. 7, 14, 21ஆம் நாட்களில் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றிக் கிளறுங்கள். ஈரம் பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். விரல் இடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு அரும்பலாம், ஒழுகினால் அதிகம்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றில்லாமல் தண்ணீர் கட்டியிருக்கிறது. அன்றே கிளறி நார்க்கழிவு சேருங்கள். கண் எரியும் அமோனியா வாடை என்றால் மீனோ கோழியோ கூடிவிட்டது, சருகு போடுங்கள். சாம்பல் நிறத்தில் தடித்த புழு நெளிந்தால் பயப்பட வேண்டாம், அது குப்பையைத் தின்று குறைக்கும் இனம். டிரம்மில் தினமும் கால் டிரம்முக்கு மேல் கருநீர் சேர்ந்தால் குழாயைப் பார்க்காதீர்கள், வீடுகளின் வாளியைப் பாருங்கள்: ரசமும் சாம்பாரும் வடிகட்டாமல் வருகிறது. அந்த நீரைச் செடிக்கு நேராக ஊற்றினால் வேர் கருகும். சூடான தொட்டியின் மேலேயே திரும்பத் தெளித்துவிடுங்கள்.

45ஆம் நாள் 6 மி.மீ. சல்லடையில் சலித்துப் பத்து நாள் நிழலில் ஆறப்போடுங்கள். தினம் 65 கிலோ போட்டால் 10 கிலோ சுற்றி உரம் நிற்கும். சல்லடையில் மிஞ்சும் கட்டைகள் அடுத்த தொட்டிக்குச் சருகாகும்.

கெடிலக்கரை

ஒன்று மட்டும் மாறுபடுகிறேன். 84 வீட்டையும் ஆனி முதல் தேதியில் சேர்க்காதீர்கள். முதலில் 25 வீடு, இரண்டு தொட்டி, ஒரு மாதம். அதில் பிளாஸ்டிக் எந்த வீட்டு வாளியில் வருகிறது என்று வாசலிலேயே தெரிந்துவிடும். கலந்து வந்த வாளியை அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். தூய்மைப் பணியாளர் கையை விட்டுப் பிரிக்கும் நிலை வந்தால் திட்டம் அன்றோடு தோற்றது. அவருக்கு முழங்கை வரை ரப்பர் கையுறையும் பூட்ஸும் முதல் நாளே வாங்குங்கள். நாளுக்கு மூன்று மணி நேர வேலை இருக்கிறது, அதற்கான கூலியையும் மாதச் சந்தாவில் இப்போதே எழுதுங்கள்.

வீட்டு விசேஷம் இருந்தால் முன்கூட்டியே சொல்ல விதி வையுங்கள். 300 பேர் சாப்பாட்டில் வரும் இலையும் மிச்சமும் உங்கள் ஒரு நாள் அளவையே தாண்டும், ஒரே நாளில் போட்டால் தொட்டி அமிழ்ந்துவிடும். இலையை நறுக்கி மூன்று நாளில் பிரித்துப் போடலாம். போகிக்குப் பழைய பாய், துணி, டயரை நாலு நாள் முன்பே வாங்கி வைத்துவிட்டால் கொளுத்துவதற்கு எதுவும் மிஞ்சாது.

மாவு, கறி, மீனுக்கு வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டு போக வைத்தால் உலர் சாக்கில் பாதிப் பிசுக்குக் கவர் குறையும். தெருமுனை மாவுக் கடையில் சங்கமே பேசி, தூக்கு கொண்டு வருபவருக்கு ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லுங்கள்.

சவுக்குச்சருகு

25 வீட்டில் தொடங்குவது சரிதான், ஏற்கிறேன். ஆனால் கூரையும் தரையும் எட்டுத் தொட்டிக்கும் ஒரே தடவையில் போட்டுவிடுங்கள். தொட்டிச் சுவரைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். கூரை வேலை ஆவணிக்குள் முடியட்டும், நார்க்கழிவு 80 மூட்டையும் புரட்டாசிக்குள் இறங்கிவிட வேண்டும். மூட்டைகளைத் தொட்டிக்கு மேலே பரண் கட்டி வைக்க வேண்டாம், கீழிருந்து வரும் ஆவியில் நனைந்துவிடும். சங்கக் கட்டடத்தில் ஒரு மூலை கேளுங்கள்.